டியூன் செய்த கார் அதிகமாகப் பெற்றோல் குடிக்கிறதா? எப்போது என்று பாருங்கள்

"லீற்றருக்கு எத்தனை ஓடுது?" கொழும்பில் யார் கார் வைத்திருந்தாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். டியூன் செய்த டர்போ காரின் கோளாறைத் தேடும்போது இந்தக் கேள்வி அதிகம் உதவாது. எப்போது குடிக்கிறது என்று கேட்டால்தான் விடை வரும். பேஸ்லைன் வீதி நெரிசலில் நிற்கும்போதா, ஹைவேயில் ஒரே வேகத்தில் போகும்போதா, கியர் மாற்றும்போதா, எல்லா இடத்திலும் ஒரே அளவாகவா? ஒவ்வொரு பதிலும் வேறு வேறு பாகங்களைக் காட்டும்.

இதைக் கேட்காமல் நம்மவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. பஞ்சிகாவத்தைக்குப் போய் யாரோ சொன்ன சென்சரை வாங்கிப் போடுவார்கள். அல்லது நேரே டியூனரிடம் போய் "மெப்பைக் கொஞ்சம் இறுக்கி விடுங்கோ அண்ணை" என்பார்கள். மெப் என்பது எப்போது எவ்வளவு பெற்றோல், எப்போது பொறி என்று எஞ்சினின் கணினியான ஈசியூவுக்கு எழுதிக் கொடுக்கும் அட்டவணை. இந்த இரண்டாவது வழி ஆபத்தானது. எங்கோ காற்றுக் கசிகிற எஞ்சினுக்கு மெப் எழுதினால், அந்தக் கசிவும் மெப்பின் ஒரு பகுதியாகிவிடும். பிறகு ஒருநாள் யாராவது ஹோஸை மாற்றினால், சரியாக ஓடிய கார் பூஸ்ட்டில் (டர்போ காற்றை அழுத்தித் தள்ளும்போது) எரிபொருள் குறைந்து ஓடத் தொடங்கும். பிஸ்டன் உருகுவது இப்படித்தான்.

இங்கே ஓடும் வாகனங்களின் வயதையும் மறக்கக் கூடாது. 2020 மார்ச்சில் நின்ற இறக்குமதி தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அதனால் ஊரில் இருக்கும் இம்ப்ரெஸா, லான்சர் எவொலூஷன், சிவிக், ஸ்டார்லெட் கிளான்ஸா எல்லாம் பல கை மாறியவை. ஒவ்வொரு கையும் எதையாவது கூட்டியோ கழற்றியோ இருக்கும். எழுதி வைத்தவர் எவரும் இல்லை. எனவே ஒரு கோளாறு கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலும் அதற்கு அடியில் இன்னொன்று இருக்கும்.

முதலில் கணக்கைச் சரிபாருங்கள்

எரிபொருள் முள்ளைப் பார்த்துச் சொல்லும் கணக்கை விடுங்கள். ஒரே ஷெட்டில், முடிந்தால் ஒரே பம்பில், நொசில் முதல் முறை 'டக்' என்று நிற்கும்வரை அடியுங்கள். அதற்கு மேல் குலுக்கி ஊற்ற வேண்டாம். தாங்கி முக்கால்வாசி முடிந்ததும் அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லீற்றரால் வகுங்கள். ஊர் ஓட்டத்துக்கு ஒரு எண், ஹைவே ஓட்டத்துக்கு ஒரு எண் என்று பிரித்து வையுங்கள். இரண்டையும் கலந்த எண் எதையும் சொல்லாது.

அடுத்தது ரயர். 205/55 ஆர்16 ரயரின் விட்டம் ஏறத்தாழ 632 மில்லிமீற்றர். அழகுக்காக 235/40 ஆர்18 போட்டால் அது 645 ஆகிறது. கார் உண்மையில் 306 கிலோமீற்றர் ஓடியிருக்க, மீற்றர் 300தான் காட்டும். இரண்டு சதவீதம் பெரிய விஷயமில்லை. ஆனால் கியர்பொக்ஸ் மாற்றியவர்களுக்கு வித்தியாசம் இன்னும் பெரிதாகலாம். தெற்கு அதிவேகப் பாதையின் கிலோமீற்றர் கற்களை வைத்து ஒரு இருபது கிலோமீற்றர் ஒப்பிட்டுப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

பிறகு, வீதி குடிப்பதையும் கார் குடிப்பதையும் பிரிக்க வேண்டும். இரண்டு லீற்றர் எஞ்சின் ஏசி போட்டு நின்ற இடத்தில் நின்றால் மணிக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் போகும். மாலை நெரிசலில் ஒரு மணித்தியாலத்தில் 12 கிலோமீற்றர் நகர்கிறீர்கள், அதில் பாதி நேரம் நிற்கிறீர்கள் என்று வைப்போம். நகரும்போது லீற்றருக்கு 9 ஓடும் நல்ல கார் என்றால், நகர்ந்ததற்கு 1.33 லீற்றர், நின்றதற்கு அரை லீற்றர். கடைசியில் கைக்கு வருவது லீற்றருக்கு ஆறரை. கோளாறே இல்லாத காரின் கணக்கு இது. பாடசாலை விடுமுறையில் எட்டு ஓடிய கார், பாடசாலை தொடங்கியதும் ஆறரைக்கு இறங்கினால் பொன்னெட்டைத் திறக்க வேண்டியதில்லை.

இன்னொன்று: காருக்குள்ளோ தரிப்பிடத்திலோ பெற்றோல் வாசம் வந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு எரிபொருள் குழாயைப் பாருங்கள். இஞ்செக்டர் (எஞ்சினுக்குப் பெற்றோல் தெளிக்கும் பாகம்) மாற்றிய கார்களில், அதற்குப் பெற்றோல் கொடுக்கும் ரெயிலின் ஓ-ரிங் ஒழுகுவது புதுமையல்ல. அந்த வாசத்தோடு ஓடித் திரியாதீர்கள்.

கையில் என்ன வேண்டும்

நேரடித் தரவு காட்டும் ஒரு ஸ்கேன் கருவி. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஈஎல்எம்327 டொங்கிள் ஜப்பான் சந்தைக்கு வந்த பழைய கார்கள் பலவற்றோடு பேசாது. சுபாரு, மிட்சுபிஷி இரண்டுக்கும் டாக்ட்ரிக்ஸ் ஓபன்போர்ட் மாதிரியான கேபிளும் லப்டொப்பும் தேவைப்படும். ஏற்கெனவே வைட்பேண்ட் காற்று-எரிபொருள் மீற்றர் பூட்டியிருந்தால் பாதி வேலை முடிந்தது. ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

பார்க்க வேண்டிய முக்கிய எண் ஃபியூல் டிரிம். ஈசியூ தன் கணக்கோடு எத்தனை சதவீதம் கூட்டியும் குறைத்தும் சமாளிக்கிறது என்பதை அது சொல்லும். உடனடி டிரிம், நீண்டகால டிரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பத்தைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். கழித்தல் குறி வந்தால் ஈசியூ எரிபொருளைக் குறைக்கப் பாடுபடுகிறது. கூட்டல் குறி வந்தால் ஊற்றிக்கொண்டிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. டிரிம் எல்லா இடத்திலும் அச்சடித்தாற்போல் பூச்சியம் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். டியூன் செய்தவர், புகையில் மிஞ்சும் ஒட்சிசனை அளந்து ஈசியூவுக்குச் சொல்லும் ஒட்சிசன் சென்சரின் பின்னூட்டத்தையே நிறுத்தி வைத்திருக்கலாம். அப்படியானால் ஈசியூ கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுகிறது. டிரிம்மில் தவறே தெரியாது, தாங்கி மட்டும் காலியாகும். இதைப் பற்றிக் கீழே.

வீட்டு அலுமாரியில் இன்னொரு கருவியும் இருக்கிறது: வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் எடுக்கும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ். அதை வாங்கிக் கோப்பில் போடுவதோடு சரி, யாரும் வாசிப்பதில்லை. காபன் மொனொக்சைட்டும் ஹைட்ரோகாபனும் அதில் எண்ணாகவே இருக்கும். போன வருடத்துச் சான்றிதழையும் இந்த வருடத்தையும் பக்கத்தில் வையுங்கள். காபன் மொனொக்சைட் ஏறியிருந்தால் கலவை அடர்த்தியாகிவிட்டது, அதாவது காற்றுக்குப் பெற்றோல் கூடிவிட்டது. அது அப்படியே இருக்க ஹைட்ரோகாபன் மட்டும் ஏறியிருந்தால் எங்கோ பொறி தவறுகிறது. 'சித்தி' என்று எழுதியிருப்பதால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை; சித்தி எல்லைக்குள் இருந்துகொண்டே ஒரு கார் நிறையக் குடிக்கலாம்.

"ஊருக்குள்ளைதான் குடிக்குது, ஹைவேயிலை பரவாயில்லை"

ஐடிலில் (கார் நின்றபடி எஞ்சின் ஓடும்போது) டிரிம் பெரிய கழித்தலாகவும், 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் பூச்சியத்துக்குக் கிட்டவும் வந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது எரிபொருள் அழுத்தம். பெரிய பம்ப், உதாரணமாக 255 லீற்றர் வோல்ப்ரோ, போட்டுவிட்டு, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலை ரெகுலேற்றரை அப்படியே விட்ட கார்கள் நிறைய. ஐடிலில் எஞ்சினுக்குத் தேவை கொஞ்சம். மிச்சத்தை எல்லாம் தாங்கிக்குத் திருப்பி அனுப்ப அந்தச் சின்ன ரெகுலேற்றரால் முடியாது. அழுத்தம் ஏறும். 3 பார் இருக்க வேண்டிய இடத்தில் 3.6 பார் வந்தால், இஞ்செக்டர் ஒவ்வொரு முறையும் ஒன்பது சதவீதத்துக்கு மேல் கூட ஊற்றும். ரெகுலேற்றரின் வெற்றிடக் குழாய் வெடித்திருந்தாலும் விளைவு இதேதான். அந்தச் சின்ன ரப்பர் குழாயைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். உள்ளே பெற்றோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது. ரெகுலேற்றரை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இரண்டாவது, இஞ்செக்டரின் திறக்கும் நேரம். 440 சிசி இஞ்செக்டருக்குப் பதில் 550 போட்டு, அளவை மட்டும் மெப்பில் மாற்றிவிட்டுத் திறப்புத் தாமதத்தைத் தொடாமல் விட்டிருப்பார்கள். ஐடிலில் இஞ்செக்டர் திறந்திருக்கும் நேரமே மிகக் குறைவு என்பதால் அந்தப் பிழை அங்கேதான் பெரிதாகத் தெரியும். வேகம் ஏறும்போது கரைந்துவிடும். எல்லா வேகத்திலும் ஒரே அளவு கழித்தல் காட்டினால் பிழை தாமதத்தில் இல்லை, அளவில். அளவையே மாற்றாமல் 550 போட்டிருந்தால் டிரிம் கழித்தல் இருபதைச் சுற்றி நிற்கும். பல ஈசியூக்களுக்கு அவ்வளவு தூரம் குறைக்க அதிகாரமே இல்லை.

மூன்றாவதுதான் கொழும்புக்கே உரியது. மரைன் டிரைவ் பக்கம், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக் கரையோரம் இரவில் வெளியே நிற்கும் கார்களின் கூலன்ட் சென்சர் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பின் இரண்டிலும் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். உப்புக்காற்றின் வேலை. இந்தச் சென்சருக்குள் இருப்பது, சூடு குறையக் குறைய மின்தடை கூடும் ஒரு சாதனம். களிம்பும் தடையைத்தான் கூட்டுகிறது. எனவே எஞ்சின் உண்மையில் இருப்பதைவிடக் குளிராக இருக்கிறது என்று ஈசியூ நம்பி, குளிர் காலத்து ஸ்டார்ட்டுக்கு ஊற்றுவதுபோல் ஊற்றிக்கொண்டே இருக்கும்.

சோதனை சுலபம். காலையில் எஞ்சினைத் தொடாமல் சாவியை மட்டும் ஓன் செய்து, கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரவு முழுவதும் நின்ற காரில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக, 26, 27 பாகை அளவில் இருக்க வேண்டும். கூலன்ட் 14 பாகை என்று காட்டினால் அது நுவரெலியாவின் எண். உங்கள் கார் அங்கே நிற்கவில்லை. கனெக்டரை கொன்டக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, மறுபடி பாருங்கள். அதே நேரத்தில் எஞ்சினிலிருந்து பொடிக்குப் போகும் ஏர்த் வயர்களையும் ஒரு கை பாருங்கள்.

"ஹைவேயிலையும் எண் ஏறேல்லை"

கொட்டாவையில் ஏறி, சமதரையில், ஐந்தாவது கியரில் 80ஐப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் தரவு பதிவு செய்யுங்கள். பூஸ்ட் வரக் கூடாது. இந்த நிலையில் நல்ல கார் 14.7க்குச் சுற்றிவர ஓட வேண்டும். ஒரு கிலோ பெற்றோலுக்கு 14.7 கிலோ காற்று என்பது அதன் பொருள். முழு பூஸ்ட்டில் 11, 12 என்று வருவது எஞ்சினைக் குளிர வைக்க வேண்டுமென்றே செய்வது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நிதானமாகப் போகும்போதும் வைட்பேண்டில் 13 நின்றால், தேவையைவிடப் பதின்மூன்று சதவீதம் கூட எரிகிறது. இதுதான் நான் மேலே சொன்ன பூச்சிய டிரிம் கார். பாதுகாப்புக்காக என்று சொல்லி, பூஸ்ட் இல்லாத இடங்களையும் சேர்த்து அடர்த்தியாக எழுதிய மெப். அந்த இடத்தில் பாதுகாக்க ஒன்றுமில்லை. ஓயிலில் பெற்றோல் கலப்பதும் பிளக் கறுப்பதும்தான் மிச்சம். பின்னூட்டத்தை மறுபடி இயக்கி, குரூஸ் பகுதியை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். பூஸ்ட் பகுதியைத் தொட வேண்டியதில்லை.

காற்று-எரிபொருள் எண் சரி, ஆனாலும் குடிக்கிறது என்றால் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் தடுப்பது தேர்மோஸ்டட். "எங்கட சூட்டுக்கு இது தேவையில்லை" என்று அதைக் கழற்றி எறிந்த பாஸ்மார் (மெக்கானிக்குகள்) இந்த நகரத்தில் ஏராளம். ஒருமுறை கார் கொதித்திருக்கும். ரேடியேற்றர் அடைப்பைத் தேடுவதைவிட அது லேசான வேலை. தேர்மோஸ்டட் இல்லாத கார் நெரிசலில் சரியான சூட்டில் இருக்கும். ஹைவேயில் காற்றடித்ததும் 70 பாகைக்குக் கீழே இறங்கும். அங்கே ஈசியூ இன்னும் எஞ்சின் சூடாகவில்லை என்று எண்ணிக் கூட ஊற்றும், ஓயிலும் தடிப்பாகவே இருக்கும். டாஷ்போர்ட் முள்ளை நம்பாதீர்கள்; பல கார்களில் அது நடுவில் நிற்கும்படியே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஸ்கேன் கருவியில் 85க்கும் 95க்கும் இடையில் நிலையாக இருக்க வேண்டும். இரவு ஓட்டத்தில் இறங்கினால் தேர்மோஸ்டட் இல்லை, அல்லது திறந்தபடியே இறுகிவிட்டது. கம்பனி பாகத்தையே போடுங்கள். நான் சொல்லும் மாற்றங்களில் காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான்.

ஓட்டோ கியர் காராக இருந்தால் இன்னொன்று. 80இல் நிதானமாகப் போகும்போது, எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் டோர்க் கொன்வேட்டர் வழுக்காமல் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆர்பிஎம் சட்டென்று கொஞ்சம் இறங்குவது தெரியும். அது நடக்கவே இல்லையென்றால் கோளாறு கியர்பொக்ஸ் பக்கம்; மெப்பில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

"டிரிம் கூட்டுது, ஆனா பிளக் கறுப்பு"

முரணாகத் தெரியும் இந்த அறிகுறி உண்மையில் மிகத் தெளிவான அறிகுறி. ஈசியூ 'எரிபொருள் போதாது' என்று நினைத்து ஊற்றுகிறது. பிளக்கைக் கழற்றினால் கரிப்பொடி. அப்படியானால் ஒட்சிசன் சென்சருக்குப் பொய் சொல்லப்படுகிறது.

டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) மாற்றிய கார்களில் இது அடிக்கடி வரும். சென்சருக்கு முன்னால் கஸ்கட்டில் சின்னக் கசிவு இருந்தால், எஞ்சின் விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் இடையில் வெளிக்காற்று உள்ளே இழுபடும். அந்த ஒட்சிசனைப் பார்த்துச் சென்சர் 'கலவை மெலிந்தது' என்கிறது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில் பொன்னெட்டைத் திறந்து கேளுங்கள்: 'டிக் டிக்' என்ற ஒலி வந்து, சூடேறியதும் மறைந்தால் கசிவு அங்கேதான். ஃபிளாஞ்சைச் சுற்றிப் புகைக் கறை படிந்திருக்கும்.

பொறி தவறினாலும் இதே நாடகம்தான். எரியாத சிலிண்டரிலிருந்து எரியாத பெற்றோலோடு எரியாத ஒட்சிசனும் வெளியே வரும். சென்சருக்குத் தெரிவது ஒட்சிசன் மட்டும். பூஸ்ட் கூட்டிய எஞ்சினில் பிளக் இடைவெளியை 0.7 மில்லிமீற்றர் அளவுக்குக் குறைத்திருக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்தபடி 1.1இல் போட்டிருந்தால் பழைய கொயில் திணறும். மழை நாளில் மட்டும் கூடக் குடிக்கிற காருக்கு முதலில் கொயிலையும் பிளக் கிணற்றில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

சென்சரே பழசானதாகவும் இருக்கலாம்தான். ஆனால் கசிவையும் பொறியையும் பார்க்காமல் சென்சரை மாற்றினால், புதுச் சென்சரும் அதே பொய்யைத்தான் கேட்கும். பஞ்சிகாவத்தையில் வாங்கிய 'ரீகண்டிஷன்' சென்சரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

"கியர் மாத்தேக்கை கரும்புகை, டப்பெண்டு சத்தம்"

சத்தத்துக்காகவே பலர் காசு கொடுத்துச் செய்வித்த கோளாறு இது.

சுபாரு, எவோ (லான்சர் எவொலூஷன்) இரண்டும் உள்ளே வரும் காற்றை முன்கூட்டியே அளக்கும் கார்கள். அக்சிலேற்றரை விட்டதும் மிஞ்சும் பூஸ்ட்டைத் திறந்துவிடும் ப்ளோ-ஓஃப் வால்வ், அந்த அளந்த காற்றை வெளியே 'புஸ்' என்று விட்டால், ஈசியூ அந்தக் காற்றுக்கும் சேர்த்துப் பெற்றோல் கொடுத்துவிடும். அக்சிலேற்றரை விடும் ஒவ்வொரு முறையும் ஒரு வாய் வீண். ஹைவேயில் இது தெரியாது. கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை முதல் கியர், இரண்டாம் கியர் என்று தள்ளும்போது ஊர்க் கணக்கைச் சாப்பிட்டுவிடும். வால்வை உள்ளே திரும்பும் வகைக்கு மாற்றினால் சத்தம் போகும், பெற்றோல் மிஞ்சும். சிவிக், கிளான்ஸா மாதிரி மனிஃபோல்ட் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் கார்களில் வெளியே விடுவதால் இந்த நட்டம் இல்லை. நண்பனின் கிளான்ஸாவுக்குப் பொருந்தியது உங்கள் எவோவுக்குப் பொருந்தாததற்குக் காரணம் இதுதான்.

வெடிச்சத்த மெப் இன்னொரு வகை. சாதாரணமாக, கியரில் இருந்தபடி அக்சிலேற்றரை முழுதாக விட்டால் ஈசியூ இஞ்செக்டரை மூடிவிடும். அந்த நேரம் செலவு பூச்சியம். சைலன்சரில் வெடிக்க வேண்டுமானால் அந்த மூடலை நீக்கி, பொறியைத் தாமதப்படுத்திப் பெற்றோலை உள்ளே விட வேண்டும். ராஜகிரிய மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் காலை எடுத்துவிட்டு இறங்குங்கள். வைட்பேண்ட் மிக மெலிந்த எல்லைக்குப் போய் ஒட்டிக்கொண்டால் மூடல் வேலை செய்கிறது. 13, 14 என்று ஏதாவது எண்ணில் நின்றால் இறக்கத்திலும் காசு எரிகிறது. புகையைச் சுத்தப்படுத்தும் கட்டலிட்டிக் இன்னும் இருந்தால் அதுவும் சேர்ந்து எரியும்.

பூஸ்ட் ஏறும்போது மட்டும் கரும்புகை, இழுவையும் குறைவு என்றால், டர்போவின் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரின் குழாய்களில் கசிவு. அளந்த காற்று வழியிலேயே போய்விடுகிறது. டர்போவின் வாயில் பொருந்தும் பிவிசி மூடி ஒன்றில் ரயர் வால்வ் பூட்டி, 15 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் மெதுவாகக் காற்றடித்து, எல்லா மூட்டிலும் சவர்க்காரத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடத்தில் கிளிப்பை இறுக்குவது பெரும்பாலும் போதும். இதற்கென்று பெரிய உபகரணம் தேவையில்லை, ஹார்ட்வெயார் கடைச் சாமான் போதும்.

எண்ணெய் தடவும் கோன் ஃபில்டர் போட்ட சுபாருக்காரர்கள் காற்றளவியின் கம்பியையும் பாருங்கள். ஃபில்டரைக் கழுவிவிட்டு எண்ணெயைத் தாராளமாக விட்டால் அது பறந்து போய்க் கம்பியில் ஒட்டும், அளவு பிழைக்கும். அதற்குரிய கிளீனரால் மட்டும் கழுவ வேண்டும்; துணி, பஞ்சு எதுவும் படக்கூடாது.

"எஞ்சினிலை ஒண்டும் இல்லை, எல்லா எண்ணும் சரி"

அப்படியானால் கார் இழுபடுகிறது. சமதரையில் நியூட்ரலில் விட்டுக் கையால் தள்ளிப் பாருங்கள். ஒருவர் தள்ளி நகர மறுத்தால் பிரேக்தான். பிரேக்கைக் குறைவாகத் தொட்டு ஒரு ஓட்டம் போய், நிறுத்தியதும் நான்கு டிஸ்க்குகளையும் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் சுட்டுப் பாருங்கள். இடமும் வலமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எக்கச்சக்கமாகச் சூடென்றால் அந்தக் கலிப்பர் பிடித்திருக்கிறது. வெள்ளத்தில் ஓடிய பிறகு ஸ்லைட் பின் துருப்பிடிப்பதும், பின் சக்கர ஹான்ட் பிரேக் கேபிள் திரும்பாமல் நிற்பதும் இங்கே சகஜம்.

நான்கு சக்கர இழுவைக் கார்களுக்கு ஒரு தனிக் கெட்ட பழக்கம் இருக்கிறது: விலை பார்த்து இரண்டு புது ரயர் மட்டும் போடுவது. முன்னுக்கும் பின்னுக்கும் விட்டம் வேறானால் நடு டிஃபரன்ஷல் நேர் வீதியிலும் ஓயாமல் வேலை செய்யும். பெற்றோலைவிட அந்த டிஃபரன்ஷலின் விலை உங்களைக் கூடுதலாக அழ வைக்கும். நான்கும் ஒரே வகை, ஒரே தேய்மானம்.

வீல் அலைன்மன்ட்டைக் குறிப்பாகக் காரைத் தாழ்த்திய பிறகு பாருங்கள். தாழ்த்தும்போது டோ (சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) மாறும். ரயரின் உள் விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் கார் ஒவ்வொரு மீற்றரும் சற்றுப் பக்கவாட்டாகத் தேய்த்துக்கொண்டே போகிறது. காற்றழுத்தம் பற்றி எல்லாருக்கும் தெரியும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்ப்பவர்தான் குறைவு.

92ஆ 95ஆ

ஜப்பான் சந்தைக்கு வந்த டர்போ கார்கள் அங்குள்ள ஹை-ஒக்டேனுக்காக அமைக்கப்பட்டவை. அங்கே தரநிர்ணயப்படி அது 96க்குக் குறையக் கூடாது. ஷெட்டுகளில் பெரும்பாலும் 100தான் விற்பனை. இங்கே ஷெட்டுகளில் நமக்குச் சாதாரணமாகக் கிடைப்பது 92உம் 95உம்தான். எனவே 95 அடித்தாலே கார் தன் ஊரைவிடத் தரம் குறைந்ததைக் குடிக்கிறது. 92 அடித்தால் நொக்கிங் (கலவை தானாகவே வெடித்து எரிவது) வரும், நொக் சென்சர் பொறியைப் பின்தள்ளும், அதே வேகத்துக்குக் காலை இன்னும் அழுத்துவீர்கள். சுபாரு, எவோ ஈசியூக்கள் இதை நினைவிலும் வைத்துக்கொள்ளும். ஒரு தாங்கி 92 அடித்துவிட்டு அடுத்ததற்கு 95க்கு மாறினால் உடனே பலன் தெரியாததற்கு அதுவே காரணம். இரண்டு தாங்கி பொறுங்கள்.

எது லாபம் என்பதை லீற்றர் விலையால் பார்க்காமல், கிலோமீற்றருக்கு எத்தனை ரூபாய் என்று கணக்குப் போடுங்கள். விலை மாதாமாதம் மாறுவதால் இன்றைய எண்ணை இங்கே எழுதிப் பயனில்லை. ஆனால் மெப் 95க்கு எழுதப்பட்ட காரில் 92 அடிப்பது கணக்கில் லாபம் வந்தாலும் செய்யக்கூடாத வேலை. ஒக்டேன் பூஸ்டர் போத்தல்களைப் பற்றி என் அபிப்பிராயம்: அந்தக் காசுக்குத் தேர்மோஸ்டட் வாங்குங்கள்.

டியூனரிடம் போகும்போது

கசிவு, பொறி, சூடு, பிரேக் எல்லாம் முடிந்த பிறகுதான் போங்கள். கையில் இவை இருக்கட்டும்: பூட்டியிருக்கும் இஞ்செக்டரின் பகுதி எண், பம்பின் வகை, ஐடிலில் எரிபொருள் அழுத்தம், ஐடில், 2,500 ஆர்பிஎம், 80 கிலோமீற்றர் வேகம் மூன்றிலும் பதிந்த தரவு, ஊர் எண், ஹைவே எண். "லீற்றருக்கு ஆறுதான் ஓடுது அண்ணை" என்று மட்டும் சொன்னால் அவரும் அனுமானத்தில்தான் கை வைப்பார். தொடுவதற்கு முன் இருக்கும் மெப்பின் பிரதி ஒன்றை உங்கள் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுப்பவரிடம் காரை விட வேண்டாம் என்பது என் கருத்து.

வேலை முடிந்ததும் ஈசியூவின் கற்றலை அழித்துவிட்டு, ஊரும் ஹைவேயும் கலந்து ஒரு தாங்கி ஓட்டுங்கள். அந்தத் தாங்கியின் கணக்கை எழுத வேண்டாம், ஈசியூ இன்னும் படித்துக்கொண்டிருக்கும். அடுத்ததிலிருந்து எழுதுங்கள். இரண்டு லீற்றர் டர்போ, நான்கு சக்கர இழுவை, கொழும்பு நெரிசல் என்றால் ஊருக்குள் ஆறும் ஏழும், ஹைவேயில் பத்தும் பதினொன்றும் வந்தால் கார் தன் வேலையைச் செய்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் அலுவலகத்துக்கு வேறு கார் பாருங்கள்.